சைக்கிளை விற்ற பிள்ளையைத் திட்டாதீர்கள்

பள்ளிகளில் விலையில்லா சைக்கிள் கொடுத்து முடித்த சில வாரங்களில் நம் ஊர் டீக்கடைகளில் ஒரே பேச்சுத்தான். “பார்த்தீர்களா, கொடுத்த சைக்கிளை வித்துட்டான். ஓசியில வந்தா அருமை தெரியுமா?” சொல்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போலப் பென்ஷன் வாங்குகிறவர்கள். நண்பர்களே, இந்த விஷயத்தில் நான் விற்ற பிள்ளையின் கட்சி.

நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் கடைகளில் நானே பார்த்திருக்கிறேன். டயரில் ரப்பர் முடி கூட உதிராத சைக்கிள் 1,500 ரூபாய்க்குக் கைமாறுகிறது. காய்கறி வண்டியின் மேல் கட்டப்பட்டுக் கீழே போய்விடுகிறது. மேட்டுப்பாளையம் பக்கம் யாரோ ஒருவர் அதைச் சுகமாக ஓட்டுகிறார். கொடுத்த இடத்தில் ஓடாத வண்டி கீழே போனதும் ஓடுகிறது. இதிலிருந்தே விளங்க வேண்டாமா, குறை பிள்ளையிடமா பொருளிடமா என்று?

இந்தத் திட்டத்தை நான் குறைவாகப் பேசுவதாக எண்ண வேண்டாம். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகள் எல்லோருக்கும் விரிந்தது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளியைப் பெண் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்த நல்ல திட்டம். நான் பிறந்த காரைக்கால் பக்கம் போல் தரை தட்டையாக இருக்கும் ஊர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் தஞ்சாவூருக்கு எழுதிய விவரக்குறிப்பையே கோத்தகிரிக்கும் எழுதினால் எப்படி?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கடையில் நின்ற ஒரு சைக்கிளின் பற்களை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. ஒரு முறை மிதித்தால் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். சமவெளியில் அது சரியான அளவு. இதோடு ஒப்பிட இன்னொரு சைக்கிளும் எனக்குக் கிடைத்தது. எதிர்வீட்டுப் பையன் கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற பழைய ரோடு சைக்கிளை 16,000 ரூபாய்க்கு வாங்கி வந்தான். அந்த வகையில் தொடக்க நிலை வண்டிதான். ஷிமானோ கிளாரிஸ், பின்னால் எட்டு கியர். அதன் மிகச் சிறிய கியரில் முன்னால் 34 பல், பின்னால் 32. ஒரு மிதிக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர்தான் நகரும். அதாவது காலுக்குப் பாரம் பாதிக்கும் கீழே. அந்தப் பையன் குன்னூரிலிருந்து அருவங்காடு வரை நிற்காமல் ஏறுகிறான். பள்ளியில் கொடுத்த சைக்கிளை அதே ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். புத்தகப் பையோடு அந்த இரும்பையும் சேர்த்துத் தள்ளுவதற்கு வெறுங்கையோடு நடப்பது எவ்வளவோ மேல்.

ஏறும் கஷ்டம் போகட்டும், இறக்கம்தான் ஆபத்து. முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் ரப்பர் வழுக்கும். இது சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். சமவெளியில் வழுக்கினால் நான்கடி தள்ளி நிற்கும். ஜூன், ஜூலையில் பந்தலூரிலும் தேவாலாவிலும் வழுக்கினால் எங்கே போய் நிற்கும்? டான்டீ லைன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ரோடே பாதி வழிதான். மீதி தேயிலைக்கு நடுவே படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும். விடிகாலையில் அந்தப் பாதையில் யானை நிற்கும். இந்த வண்டியை விற்றுவிடு என்று சொன்ன தாயை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

இந்த மலை எப்படிப்பட்டது என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் விட்டபோது, கல்லாறுக்கு மேல் 12 அடிக்கு ஓரடி ஏற்றம் என்று பார்த்து, தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் பதித்தார்கள். இரும்பு எஞ்சினுக்கே பல் கொடுத்து ஏற்ற வேண்டியிருந்த மலையில், பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கியர் இல்லாத சைக்கிளைக் கொடுத்துவிட்டு, ஓட்டவில்லையே என்று கேட்கிறோம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கியர் மாற்றும் கருவியை நம் மெக்கானிக்குகள் ‘டெரய்லர்’ என்கிறார்களே, அது பிரெஞ்சுச் சொல். தடம் மாறச் செய்வது என்று பொருள். அந்த நாட்டிலும் இந்தச் சண்டை நடந்தது. தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ், கியர் வைத்து ஏறுவது வீரனுக்கு அழகில்லை என்ற கொள்கைக்காரர். பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். 1937இல்தான் அந்தப் பந்தயத்தில் டெரய்லருக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே, சேன்த் எத்தியேன் ஊரில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய போல் தெ விவி, சாதாரண ஜனங்களுக்குக் கியர் வேண்டும் என்று தம் பத்திரிகையில் விடாமல் வாதாடினார். அந்தப் பந்தயத்தின் பேர்பெற்ற துர்மலே கணவாய் 2,115 மீட்டர் உயரம். நம் ஊட்டி 2,240 மீட்டர். அவர்கள் பயில்வான்களுக்கே கடைசியில் விட்டுக்கொடுத்ததை நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தரக்கூடாதா?

மலைக்குத் தனி விதி கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் கோப்பு தூக்கிய எனக்கு அரசு மலைப்படி கொடுத்தது, குளிர்காலப் படியும் கொடுத்தது. மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பூட்ஸும் தனியாகக் கொடுக்கிறது. குளிரும் மழையும் தெரிந்த கோப்புக்கு ஏற்றம் மட்டும் தெரியாமல் போனது ஏன்? மேஜையில் குறிப்பு எழுதியவர்களில் யாரும் அந்தச் சைக்கிளை ஒரு முறை பெட்டட்டி ரோட்டில் மிதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு கியரும், நனைந்தாலும் பிடிக்கிற பிரேக்கும் உள்ள சைக்கிள் கொடுங்கள். செலவு கூடும் என்றால், வேண்டுகிற பிள்ளைக்கு அதே தொகையை வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டில் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் பழைய கியர் சைக்கிள் ஒன்று வரும். “காசாகக் கொடுத்தால் அப்பன் குடித்துவிடுவான்” என்பார்கள். இப்போது மட்டும் என்ன? கடைக்காரர் எண்ணித் தரும் 1,500 ரூபாய் அதே அப்பன் கையில்தான் விழுகிறது. வித்தியாசம், நடுவில் அரசுப் பணம் ஆயிரக்கணக்கில் கரைந்துபோவதுதான். பிள்ளை பேரிலோ தாய் பேரிலோ கணக்கு வைத்தால் அந்தப் பயமும் குறையும்.

“கியர் சைக்கிள் கெட்டால் யார் சரி செய்வது?” என்றும் கேட்பார்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் கியர் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இப்போதே இருக்கிறார்கள். அவர்களுடையதை யாரோ சரி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். “நாங்கள் நடந்துதானே போனோம்” என்பவர்களுக்கு ஒரே பதில்: இந்தப் பிள்ளைகளும் நடந்துதான் போகிறார்கள், சைக்கிள் கொடுத்த பிறகும்.

அடுத்த தடவை ஒரு பிள்ளை சைக்கிளை விற்றான் என்று கேள்விப்பட்டால், அவன் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் ஒரு முறை நடந்து பாருங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் திரும்பியும் நடந்து வாருங்கள். அதற்குப் பிறகும் திட்டத் தோன்றினால் திட்டுங்கள்.