பரீட்சையை எதிர்ப்போம், பிள்ளைகளைப் படிக்க வைப்போம்!

“தோழர், நுழைவுப் பரீட்சையே வேண்டாம்னு நாமதான் சொல்றோம். அப்புறம் என்ற புள்ளைய அதுக்குப் படிக்கச் சொல்றதா, வேண்டாங்களா?”

கோவைப் பக்கத்தில் ஒரு மில் வாசல் கூட்டம் முடிந்ததும் ஒரு தொழிலாளி நம்மிடம் கேட்ட கேள்வி இது. அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு; அரசுப் பள்ளியில் படிக்கிறாள்; டாக்டராக வேண்டும் என்கிறாள். நாம் பதில் சொல்லத் தொடங்குமுன் ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார். ஆனால் கேள்வி வாசலிலேயே நிற்கிறது. அது அவர் ஒருவருடைய கேள்வியும் அல்ல. தஞ்சைத் தரணியில் நடவு நட்டுவிட்டு வீடு திரும்பும் தாய்மார்களும் இதையே கேட்கிறார்கள். ஆகவே எல்லோருக்குமாக இங்கே பதில் சொல்லுகிறோம்.

இரண்டு தவறான பதில்கள்

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஒன்று: “பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். கெட்டிக்காரப் பிள்ளை எங்கிருந்தாலும் ஜெயிக்கும். படிக்கச் சொல்லு, போதும்.” மற்றொன்று: “இது அநியாயப் பரீட்சை. நம் பிள்ளைக்கு எப்படியும் கிடைக்காது. எதற்குப் படிக்க வேண்டும்?”

முதல் பதில் அநியாயத்தை மூடி மறைக்கிறது. இரண்டாவது, அநியாயத்துக்குத் தலையைக் கொடுத்துவிடுகிறது. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பரீட்சை எதை அளக்கிறது?

தமிழ்நாட்டில் தொழிற்கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. கிராமப்புறப் பிள்ளைகளை அது வடிகட்டுகிறது என்று பல ஆண்டுகள் குரல் எழுந்த பிறகு, 2007இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பத்தாண்டு காலம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்தது. பிறகு அகில இந்தியப் பரீட்சையாக ‘நீட்’ வந்தது. 2013இல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. 2016இல் அந்தத் தீர்ப்பை அதே கோர்ட் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017 முதல் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்தப் பூட்டுத் தொங்குகிறது.

அந்த ஆண்டிலேயே அரியலூர் மாவட்டத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மார்க் வாங்கியவள், இந்தப் பரீட்சையில் 720க்கு 86 வாங்கினாள். சுப்ரீம் கோர்ட் வரை சென்று நியாயம் கேட்டாள், கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1ந் தேதி அவளை நாம் இழந்தோம். 1176 வாங்கிய பெண் சில மாதங்களில் முட்டாளாகிப் போனாளா? இல்லை. அவளிடம் படிக்கச் சொன்ன பாடம் ஒன்று. கேள்வி கேட்ட பாடம் வேறொன்று.

மாநில சர்க்கார் 2021இல் நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் ஒரு குழு போட்டது. அந்தக் குழு சொன்ன ஒரு கணக்கைத் தொழிலாளத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 12.47 பேர்தான் முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்தவர்கள். 2020-21இல் அது 71.42 ஆகிவிட்டது!

இதற்கு என்ன அர்த்தம்? பள்ளியை முடித்ததும் நேரே கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இடம் குறைந்துவிட்டது. ஓராண்டு, ஈராண்டு வீட்டில் உட்கார்ந்து, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டி, மறுபடியும் மறுபடியும் எழுதுகிற பிள்ளைக்கே இடம். பதினெட்டு வயதுப் பிள்ளையை ஈராண்டு சும்மா வைத்துச் சோறு போட்டுப் பணமும் கட்ட யாரால் முடியும்? மில் முதலாளியால் முடியும். பெரிய மிராசுதாரால் முடியும். பதிலித் தொழிலாளியால் முடியுமா? நடவும் அறுப்பும் போக மற்ற நாளில் அரசு தரும் ஊரக வேலைக்குக் காத்திருக்கும் குடும்பத்தால் முடியுமா? அந்தக் குடும்பத்தில் பள்ளியை முடித்த பிள்ளை மறுமாதமே கூலிக்குப் போயாக வேண்டும்.

ஆகவே பரீட்சை மூன்று மணி நேரத்தில் நடப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஈராண்டு நடக்கிறது. அந்த ஈராண்டுக்கும் யாரிடம் காசு இருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது.

பாஷை விஷயம் என்ன? ‘நீட்’ வருமுன் சேர்ந்தவர்களில் தமிழ் வழியில் படித்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர். வந்த பிறகு இரண்டு, மூன்று பேர் என்று அதே குழு கண்டது. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தப்பும் தவறுமாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. மதுரை ஹைகோர்ட் 196 மார்க் கொடுக்கச் சொன்னது. சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தப்புச் செய்தது பரீட்சை நடத்தியவர்; மார்க்கை இழந்தது தமிழில் எழுதிய பிள்ளை!

“தகுதி” என்ற பேச்சு

“உயிர் காக்கும் தொழிலுக்குத் தகுதி வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும்; நிச்சயம் வேண்டும். தகுதியில்லாத டாக்டரிடம் முதலில் சாகப்போவது நம்முடைய ஜனங்கள்தான். ஆனால் டாக்டரின் தகுதி, கல்லூரிக்குள் ஐந்தரை ஆண்டு படிக்கும் படிப்பிலும், நோயாளியிடம் பழகும் பழக்கத்திலும் வருவது. வாசலில் நிற்பவனின் தகுதியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், 2023இல் மேல்பட்டப் படிப்புக்கான ‘நீட்’ தேர்ச்சி வரம்பைப் பூஜ்யமாக்கினார்கள். ஏன்? இடங்கள் காலியாகக் கிடந்தன. தனியார் கல்லூரி இடம் காலியானால் தகுதி கீழே இறங்குகிறது; தொழிலாளி மகள் வந்தால் தகுதி மேலே ஏறிக்கொள்கிறது! 2024இல் ஹஜாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்தது என்பதில் தகராறில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. ஆனாலும் மறுபரீட்சைக்கு உத்தரவிடவில்லை. இதுதான் அவர்கள் சொல்லும் தகுதியின் லட்சணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘நீட்’ வருமுன்பும் எல்லாம் ஒழுங்காக இருந்ததில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைத்த தனியார் விடுதிப் பள்ளிகள் அன்றும் இடங்களை அள்ளிக்கொண்டு போயின. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அன்றும் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. பழையதற்குத் திரும்பினால் மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் ஆசிரியர், ஆய்வுக்கூடம், பாடம் மூன்றும் முழுமையாக வேண்டும் என்கிறோம்.

அப்படியானால் படிக்க வேண்டாமா?

இங்கேதான் அந்த மில் தொழிலாளியின் கேள்விக்கு வருகிறோம். மில்லில் அவருக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. தொழிலாளர் அனைவரும் முடிவெடுத்து வெளியே வந்தால் அது வேலைநிறுத்தம். ஒருவன் மட்டும் வீட்டில் படுத்துக்கொண்டால் அது வேலைநிறுத்தம் அல்ல, ஆப்சென்ட்! முதலாளிக்கு அதனால் நஷ்டமில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வான். நம் வீட்டுப் பிள்ளை தனியாகப் புத்தகத்தை மூடி வைப்பதும் அப்படியே. பரீட்சை நடத்துகிறவர்களுக்கு அதனால் ஒரு மயிரிழை நஷ்டமும் இல்லை. போட்டியில் ஒரு ஆள் குறைந்தது என்று பயிற்சி நிலையத்துப் பிள்ளைக்கு லாபம்தான்.

வேலைப்பளுவை எதிர்த்துப் போராடும் தொழிலாளி, இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவன் சொல்லும்போதுதான் “இத்தனை இயந்திரத்தை ஒருவன் பார்க்க முடியாது” என்ற பேச்சு எடுபடுகிறது.

அனுபவமும் இதையே காட்டுகிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசு இடங்களில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒற்றைப்படை எண்ணிக்கைதான். ஒதுக்கீடு வந்த ஆண்டில் மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலுமாக 400க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒரே ஆண்டில் அறிவு பெருகிவிட்டதா? இல்லை, சட்டம் மாறியது. அதே சமயம் இன்னொன்றையும் பாருங்கள். கதவு திறந்தபோது உள்ளே போனது யார்? கிடைக்காது என்று ஊரே சொன்னபோதும் படித்துப் பரீட்சை எழுதி வைத்திருந்த பிள்ளைகள்! போராட்டம் கதவைத் திறந்தது. படிப்பு உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த இடங்கள் நமக்கில்லை.

என்ன செய்வது?

முதலாவதாக, கடன் வாங்கிப் பயிற்சி நிலையத்தில் கொட்டாதீர்கள். சேமநல நிதியை எடுப்பதும், தாலிக்கொடியை அடகு வைப்பதும் வேண்டாம். கேள்விகள் 180, அதில் பாதி உயிரியல், மீதி பௌதிகமும் ரசாயனமும். மேல்நிலை வகுப்பு ஈராண்டுப் பாடத்தையும் வரி விடாமல் படிப்பதே முதல் பயிற்சி. அரசு நடத்தும் கட்டணமில்லாத வகுப்பு இருந்தால் கேட்டு வாங்குங்கள்; பெயருக்கு நடந்தால் தலைமையாசிரியரிடம் கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள்.

இரண்டாவதாக, மாலை ஆறு மணிக்கு மேல் நம் சங்க அலுவலகங்கள் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. ஒரு விளக்கு, நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை போதும். கல்லூரி முடித்த நம் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவதாக, பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மார்க் குறைந்தால் அது அவள் குற்றம் அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செவிலியர், விவசாயம், பொறியியல், சட்டம் என்று வழிகள் பல உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல், விவசாயம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்துவிட்டது. ஒரு பரீட்சைக்காக இன்னொரு பிள்ளையை நாம் இழக்கக் கூடாது.

நான்காவதாக, போராட்டத்தை விடாதீர்கள். 2021இல் சட்டசபை விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் திருப்பியனுப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டசபை மறுபடியும் நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டதென்று 2025 ஏப்ரலில் செய்தி வந்தது. இரண்டு முறை ஒரு மாநிலத்தின் சட்டசபை சொன்ன சொல்லுக்கு டில்லி வைத்த மதிப்பு இவ்வளவுதான். 1984இல் வந்த பரீட்சையை ஒழிக்க 2007 வரை ஆயிற்று. அன்று முடிந்தது இன்றும் முடியும்.

மில் வாசலில் கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான்: உங்கள் மகள் படிக்கட்டும். விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். அவள் புத்தகத்தோடு உட்காரும் நேரத்தில் நீங்கள் கொடியோடு வாருங்கள். அவள் தங்கை காலத்தில் இந்தப் பரீட்சையே இருக்கக் கூடாது!