ஆறடி வழி கேட்கிறோம்!

ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்த கால்கள், இன்று தெருமுனை மருந்துக்கடைக்குச் செல்லத் தயங்குகின்றன. காரணம் முதுமையா? அல்ல! நடைபாதையில் மின்பெட்டி நிற்கிறது, மோட்டார் சைக்கிள் நிற்கிறது. முதியவரோ வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறார்!

நடப்போருக்கு முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014இல் கொள்கை வகுத்தது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வந்தது, வரவேற்கிறோம். வியாசர்பாடிக்கு எப்போது?

குறைந்தது 1.8 மீட்டர், ஏறத்தாழ ஆறடி, தடையின்றி வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் பேரவையின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை. செத்தபின் ஆறடி மண் தரும் ஊர், வாழும்போது ஆறடி வழி தரலாகாதா?

தோழர்களே! உங்கள் தெருவை அளந்து, மாமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். நாம் கேட்பது சலுகையல்ல, உழைத்தோரின் உரிமை!