ஊசிக்கு மூடி போடப்போய் உயிருக்கு உலையா?

சாத்தான்குளம் பஜாரில் காய்ச்சல்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மாத்திரை எல்லாம் நமக்குக் கேக்காது. ஒரு ஊசி போட்டாத்தான் மேலு லேசாகும்" என்பார். குத்திக்கொள்கிறவருக்கு அது அரை நிமிஷ வேலை. குத்திவிட்ட கைக்கு அதற்குப் பிறகுதான் ஆபத்தே ஆரம்பிக்கிறது.

மருந்தை ஏற்றி முடித்ததும் நர்சு என்ன செய்கிறார்? ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் மூடி. பேனாவுக்கு மூடி போடுவதுபோல் போடுகிறார். அந்த மூடியின் வாய் விரல் நுனி நுழையாத அகலம். வெளியே வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் சத்தம் போடுகிறார்கள். குறி கொஞ்சம் தப்பினால் மூடியைப் பிடித்த விரலில் ஏறிவிடும். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி அது.

"மூடியைத் திரும்பப் போடாதே" என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படியும் போடுகிறார்கள். ஏன்?

326 குத்து

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஜானின் ஜாகர் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் இதைத் துருவினார்கள். ஊழியர்களுக்கு நேர்ந்த 326 ஊசிக்குத்துகளை விசாரித்து, 1988-ம் வருஷம் முடிவை வெளியிட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு மூடி போடுவதோடு சம்பந்தப்பட்டது.

ஏன் போட்டீர்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் முக்கியம். ஊசி திறந்து கிடக்கும்போது கருவியைக் கழற்றுவது அதைவிட பயமாம். திறந்த ஊசிகள் நாலைந்தை ஒரே நடையில் குப்பைப் பெட்டிவரை தூக்கிப்போவதும் பயமாம். கழற்றிப் பூட்ட வேண்டிய கருவிகள் சாதாரண சிரிஞ்சைக் காட்டிலும் 5 மடங்கு வரை அதிகமாகக் குத்தியிருந்தன.

ஆக, நர்சின் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குற்றம் சாமானைச் செய்தவரின் பட்டறையில் இருக்கிறது.

ஒற்றைக்கை வேலை

இந்த ஊர்ப்பக்கம் பனையேறுகிறவரைப் பார்த்தவர்களுக்கு விஷயம் சுலபமாகப் புரியும். உச்சியில் ஒரு கை மரத்தைப் பிடித்திருக்கும். பாளை சீவிய அருவாளை மறுகையால் இடுப்பில் கட்டிய அருவாப்பெட்டிக்குள் செருகுவார். பெட்டியைப் பிடிக்க இன்னொரு கை தேவையில்லை. பிடிக்க வேண்டியிருந்தால் பனையேறி கீழே கிடப்பார்!

ஊசிக்கு வேண்டியதும் அதுதான். கீல் வைத்த மூடி ஒன்று ஊசியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. குத்தி எடுத்ததும், ஊசி பிடித்த அதே கையின் விரலால் தள்ளினால் மடங்கி வந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். கை எப்போதும் ஊசி முனைக்குப் பின்னால்தான். பூட்டியது திரும்பத் திறக்காது. சறுக்கி வரும் உறை ஒரு ரகம். ஊசியே சிரிஞ்சுக்குள் இழுத்துக்கொள்வது இன்னொரு ரகம். கடைசி ரகத்துக்கு உள்ளே ஸ்பிரிங்கும் வேண்டும். உறுப்பு கூடினால் விலையும் கூடும்.

அதனால்தான் சுலபமாகப் பூட்டும்படி அமைப்பது என்பது பெரிய வித்தை. உறுப்பு குறைவாக இருக்க வேண்டும். தலைகீழாக மாட்ட முடியாதபடி இருக்க வேண்டும். பூட்டியது காதுக்குக் கேட்க வேண்டும். முதல் மூடி ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் வினைதான்: பலம் போட்டு இழுக்க, அது சட்டென்று விடுபட, கை எதிர்வீச்சில் திரும்பி ஊசியிலேயே மோதும்.

கொரோனா தடுப்பூசிக்குப் போட்டதே, ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். அது மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்கும். நர்சின் விரலைக் காப்பாற்றாது. இரண்டும் வேறு.

நர்சைக் கேட்டார்களா?

ஊசிக்குத்து பற்றி அமெரிக்காவில் 2000-ல் ஒரு சட்டம் வந்தது. எந்தச் சாமானை வாங்குவது என்று முடிவு செய்யுமுன், மேலதிகாரி அல்லாத, நோயாளியைக் கையால் தொடுகிற ஊழியரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று அது சொல்கிறது. ஒவ்வொரு குத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பு சிரிஞ்சுக்கு மாறும்படி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. அதன் முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுத்த 3 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் சாமானும் வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டரில் விலையை மட்டும் பார்க்காமல், மாதிரிகளை நாலு சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி, கையுறை போட்ட ராத்திரி டூட்டி நர்சிடம் கொடுத்துப் பார்க்கட்டும். அவர் ஒற்றைக்கையால் பூட்டினால் வாங்கலாம். பூட்ட முடியாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். விலை கூடும்தான். ஒரு நர்சுக்கு கல்லீரல் கெட்டால் ஆகும் செலவை யார் கணக்கில் எழுதுவது?

தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 100-க்கு 30 பேர் வரை தொற்றலாம் என்கிறார்கள் டாக்டர்கள். எய்ட்ஸ் கிருமி என்றால் 1,000-க்கு 3. குத்திவிட்டால் பிழிய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். 2 மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது.

குப்பை வண்டியில்

ஆஸ்பத்திரி ஊசிக்காவது துளை விழாத வெள்ளைப் பெட்டி உண்டு. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் என்ன செய்கிறார்? சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத தெரு இல்லை. ஊசி காய்கறித் தோலோடு குப்பைக்குப் போகிறது. பேனா ஊசிக்குப் பெரிய மூடி கொடுத்திருப்பதே கழற்றும்போது மாட்டுவதற்குத்தான். அதைப் பெட்டி பிரித்தவுடனேயே தூர எறிந்துவிடுகிறார்கள். மூடியோடு கழற்றி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் இறுக மூடி, தனியாகக் கொடுத்தால் போதும்.

மருத்துவக் கழிவைக் கையாளுகிறவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ம் வருஷ விதி சொல்கிறது. பேரூராட்சி வண்டியில் வெறுங்கையால் பிரிக்கிற அம்மா அந்த விதிக்குள் வருவாரா? அவர் கைக்கும் அதே ஊசிதான் வருகிறது. 3 தவணை ஊசி. ஆஸ்பத்திரியும் பேரூராட்சியும் உட்கார்ந்து பேசி, தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் போட்ட தேதியை அட்டையில் எழுதிக் கொடுக்கட்டும்.