கையை மூடும் நேரம்

கோலார் தங்கவயலில் கிடைத்த தங்கத்தைவிடத் தோண்டும் செலவு மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கங்கள் மூடப்பட்டன. 'மூணு சீட்டு' ஆட்டத்திலும் அதே கணக்குதான். ஒரு கட்டில் 22,100 கைகள் அமையலாம். மூன்றும் ஒன்றாக வருவது (52 கைகள்) உச்சம். அடுத்து ஒரே இனத்தில் வரிசை (48), கலப்பு வரிசை (720), கலர் (1,096), ஜோடி (3,744). மீதி 16,440-ம் வெறும் கை: நூற்றுக்கு 74!

சீட்டைப் பார்க்காமல் 'பிளைண்ட்' ஆடுபவர் கட்டுவதைப்போல் குறைந்தது இரு மடங்கு, பார்த்தவர் கட்ட வேண்டும். பலர் ஆடும்போது, பார்த்தது வெறும் கை என்றால் உடனே கவிழ்ப்பதே சாமர்த்தியம்.

சுரங்கம் மூடியதில் பிழைப்பே போனது. சீட்டைக் கவிழ்த்தால் போவது அதுவரை கட்டிய காசு மட்டுமே. அதைத் துரத்துபவர்தான் சம்பளத்தையும் தொலைக்கிறார்.