மெழுகும் கைப்பக்குவமும்



துணிக்கலை பயிலும் நம் தோட்டத்துப் பெண்ணொருத்தி, பாத்தேக் பழக இரவு பஸ்ஸேறிக் கோத்தா பாரு போனாள். “படித்தும் சாயம் போடும் வேலையா?” என்று கேட்டவர்களில் அவள் தாயும் ஒருவர்.

சாந்திங் என்னும் சிறு மூக்குடைய செம்புக் கருவியால் உருகிய மெழுகில் கோடிழுக்க வேண்டும். முதல் துணி பாழ்! சூடு போதாததால் மெழுகு துணிக்குள் இறங்கவில்லை. சாயம் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. சூடு மிஞ்சினாலோ மெழுகே பரவிவிடும்.

“அம்மா மரம் வெட்டுவதை நினைத்துக்கொண்டேன், சார். ஆழம் குறைந்தால் பால் வராது, மிஞ்சினால் மரம் காயப்படும்” என்றாள். மூன்றாம் துணியில் கோடு நின்றது.

அந்தத் துணி இன்று தாயின் பெட்டியில் இருக்கிறது. பெற்றோர்களே, உங்கள் கைப்பக்குவமும் பிள்ளைகளுக்குச் சீதனமே. படிக்கப் புறப்படும் பெண்ணைத் தடுக்காதீர்கள்.