ஒரே எண், இரு எண்ணெய்

மோட்டார் வண்டிக்கு எண்ணெய் வாங்கச் செல்பவர் டப்பாவின்மேல் '5டபிள்யூ-30' என்பதைக் கண்டதுமே திருப்தியடைந்து விடுகிறார். அமெரிக்கச் சரக்கானாலும் ஐரோப்பியச் சரக்கானாலும் எண் ஒன்றேயாதலால், விலை குறைந்ததே மேல் என்று அவருக்குத் தோன்றுவது இயற்கை. ஆனால் அவ்வெண் கூறுவது, எண்ணெய் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும், உஷ்ணத்தில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை மட்டுமே. உள்ளே கலந்துள்ள சரக்கைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

1973-ம் வருஷத்து எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்க சர்க்கார் 1975-ல் ஒரு சட்டம் இயற்றி, ஒரு காலன் பெட்ரோலுக்குச் சராசரி இத்தனை மைல் வண்டிகள் ஓடியாக வேண்டும் என்று கம்பெனிகளை நெருக்கியது. மெல்லிய எண்ணெய் உராய்வைக் குறைத்துப் பெட்ரோலைச் சிறிது மிச்சப்படுத்தும். ஆகவே அங்கே எண்ணெய் மெலிந்துகொண்டே வந்தது. மேலும், 3,000 மைலுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றிவிடுவது அந்நாட்டார் நெடுங்காலம் கைக்கொண்ட வழக்கம். அவ்வளவு சீக்கிரம் வடித்துக் கொட்டுகிற எண்ணெய்க்குத் தீர்க்காயுள் எதற்கு?

ஜெர்மனியிலோ வேக வரம்பே இல்லாத சாலைப் பகுதிகள் இன்றும் உண்டு. சில வண்டிகளில் 30,000 கிலோமீட்டர் வரை எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை. ஆகையால், 150 டிகிரி உஷ்ணத்தில் கடுமையாக நசுக்குண்ணும்போதும் எண்ணெயின் கெட்டி 3.5 மில்லிபாஸ்கல்-வினாடிக்குக் குறையலாகாது என்று ஐரோப்பிய உற்பத்தியாளர் சங்கம் தன் ஏ3, சி3 வகைகளுக்கு விதித்தது. '30' என்று பெயர் சூட்டிக்கொள்ள 2.9 போதும், அமெரிக்கச் சிக்கன எண்ணெய்கள் அதை ஒட்டியே நிற்கும்.

சாம்பல் விஷயம் இன்னும் முக்கியமானது. அழுக்கைக் கரைக்கவும் அமிலத்தை அடக்கவும் கால்ஷியம், மக்னீஷியம் சேர்ந்த சரக்குகளையும், தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சரக்கையும் எண்ணெயில் கலக்கிறார்கள். யந்திரத்துக்குள் எண்ணெய் சிறிது எரியத்தான் செய்யும். அப்போது உலோகம் சாம்பலாக மிஞ்சும். டீசல் வண்டியின் புகைக்குழாயிலுள்ள வடிகட்டியில் சேரும் கரி அவ்வப்போது எரிந்து போகும். சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிவிடும். டீசல் கார்கள் மலிந்த ஐரோப்பா இதற்காகவே 2004-ல் 'சி' என்னும் தனி வகையை வகுத்தது. சி3 எண்ணெயில் சாம்பல் 0.8 சதவிகிதத்தைத் தாண்டலாகாது. ஏ3/பி4 வகையில் 1.6 வரை போகலாம். இரண்டும் ஐரோப்பியச் சரக்கே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்! பெட்ரோல் கார்களே மிகுந்த அமெரிக்காவின் கவலை வேறு. புகையைச் சுத்திகரிக்கும் கருவிக்குப் பாஸ்பரஸ் விஷமாதலால், சிக்கன எண்ணெயில் அதனை 0.08 சதவிகிதத்துக்குள் நிறுத்தினார்கள்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலான பிறகு, நம் தேசத்துப் புது டீசல் கார்களிலும் அந்த வடிகட்டி புகுந்துவிட்டது. எண்ணெயில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர், அது அடைத்துக்கொண்டால் பல்லாயிரம் எண்ணிக் கொடுக்க நேரிடும். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் எந்த வகை குறித்திருக்கிறதோ, அது டப்பாவின் பின்புறத்துப் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே உத்தமம்.

ஐரோப்பிய எண்ணெய் என்றாலே கெட்டியானது என்ற பேச்சும் இப்போது செல்லாது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் அவர்களும் மெலியத் தொடங்கிவிட்டார்கள். வோக்ஸ்வாகன் கம்பெனி அங்கீகரிக்கும் 508 00 என்பது வெறும் 0டபிள்யூ-20 எண்ணெய்; 504 00 கேட்கும் அதே கம்பெனியின் பழைய வண்டிகளில் அதை ஊற்றலாகாது.