திருஇருதயப் படத்தின் முன் எரியும் விளக்கு



நம் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் வாயிலைக் கடந்ததும் முதலில் கண்ணிற்படுவது இயேசுவின் திருஇருதயப் படம். அதன் அடியில் சிறியதொரு சிவப்பு விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். நம் பாட்டிமார் காலத்தில் அது எண்ணெய் விளக்காக இருந்தது. வீடுகளுக்கு மின்சாரம் வந்தபின் ‘ஜீரோ வாட்’ பல்பு ஆயிற்று. வீட்டு விளக்குகளைப் பற்றிய இத்திங்கள் பேச்சை அந்தச் சிறு விளக்கிலிருந்தே தொடங்குவோம்.

சாத்தாங்காட்டில், இரும்புச் சந்தைக்கு அருகில் குடியிருக்கும் குடும்பம் ஒன்றை அண்மையில் காணச் சென்றிருந்தோம். தந்தை சந்தையில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. மாலைச் செபமாலை முடிந்ததும் பேச்சு மின்கட்டணத்தின் பக்கம் திரும்பியது. இரு திங்களுக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று 2016ஆம் ஆண்டு நம் மாநில அரசு அறிவித்தபோது மகிழ்ந்த குடும்பம் அது. ஆயினும் ஒவ்வொரு முறையும் கணக்கு அந்த வரம்பைத் தாண்டியே வருகிறதாம். “எங்கே போகுதுன்னே தெரியல ஐயா” என்று வீட்டம்மையார் வருந்தினார்.

நாம் திருஇருதயப் படத்து விளக்கைச் சுட்டிக் காட்டினோம். மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டி சிரித்துவிட்டார். “அது ஜீரோ வாட்டுதானேப்பா! பேருலயே ஜீரோன்னு இருக்கே, அது எங்கே கரண்டு இழுக்கப் போகுது?”

சோதித்துப் பார்ப்போம் என்று, அந்த விளக்கொன்றைத் தவிர வீட்டிலுள்ள யாவற்றையும் நிறுத்தச் சொன்னோம். மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தது. அதிலுள்ள சிவப்புப் புள்ளி எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று, பள்ளியில் படிக்கும் மகன் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணினான். எழுபத்தைந்து நொடிக்கு ஒருமுறை மின்னிற்று. கணக்கிட்டால் அது 15 வாட். பூச்சியம் என்று பெயர் பெற்ற பல்பு உண்மையில் பதினைந்து வாட் விழுங்குகிறது! பழைய சக்கர மீட்டர்கள் இத்துணைச் சிறு அளவைச் சரிவரக் காட்டாததால் அப்பெயர் நிலைத்துவிட்டது என்பர்.

இருபத்து நான்கு மணி நேரமும் எரியும் 15 வாட் பல்பு, அறுபது நாளில் 21.6 யூனிட் செலவழிக்கிறது. சமையலறையில் நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு அதே காலத்தில் செலவழிப்பது 18 யூனிட்டே. சிறியது என்று நாம் எண்ணியது பெரியதைக் காட்டிலும் மிகுதியாகச் செலவழிக்கிறது. பல்பின் வாட்டை மட்டுமன்று, அது எரியும் நேரத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதே நாம் அன்று கற்ற முதற்பாடம்.

குண்டு பல்பு ஏன் இவ்வளவு உண்கிறது? அதனுள் இருக்கும் மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்தே ஒளி தருகிறது. ஆகவே அது வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடுகிறது. எல்.இ.டி. பல்பில் கம்பியும் இல்லை, அது பழுக்கக் காய்வதும் இல்லை. சிறியதொரு சில்லு நீல ஒளியை உமிழ, அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு அதை வெள்ளொளி ஆக்குகிறது. அந்த நீல ஒளியைக் கண்டளித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். சோக்குடன் கூடிய பழைய 40 வாட் டியூப்லைட் உண்மையில் 50 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதனிடத்தில் 20 வாட் எல்.இ.டி. குழல் போதும். படத்து விளக்குக்கோ அரை வாட் எல்.இ.டி. தாராளம்.

சாத்தாங்காட்டு வீட்டில் படத்து விளக்கு, சமையலறைக் குண்டு பல்பு, நாளும் ஆறு மணி நேரம் எரியும் டியூப்லைட் ஆகிய மூன்றும் சேர்ந்து இரு திங்களில் ஏறத்தாழ 59 யூனிட் உண்டன. மூன்றையும் மாற்றினால் 11 யூனிட்டுக்குள் அடங்கும். மிச்சம் ஏறத்தாழ 48 யூனிட்.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. நம் மாநிலத்து மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துப் பெறுவது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கிற்று. அதற்கு வடக்கே அத்திப்பட்டுப் பக்கத்தில் வடசென்னை அனல் மின்நிலையம் 1994 முதல் இயங்கி வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலாக எஞ்சும். எல்லா நிலையங்களின் மின்சாரமும் ஒரே வலையில் கலந்து வருவதால், எது எந்த வீட்டுக்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் 48 யூனிட் என்பது முப்பது கிலோவுக்கு மேற்பட்ட நிலக்கரியும், பத்துக் கிலோ அளவுச் சாம்பலும் ஆகும்.

இக்கணக்கைச் சொன்னபோது மூதாட்டியின் முகம் மாறிற்று. அவர் பிறந்தது எண்ணூர் முகத்துவாரத்தருகே ஒரு மீனவக் குப்பத்தில். “சின்ன வயசுல அந்த ஆத்துல கையை விட்டா இறால் வரும். இப்போ சாம்பல்தான் வருது” என்றார். சாம்பற்குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததும், அதைச் சீரமைக்க வேண்டுமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022ஆம் ஆண்டு தீர்ப்பளித்ததும் நாடறிந்தவை. ஒரு வீட்டின் மூன்று விளக்குகளால் அந்த ஆறு தூய்மை அடையாது. அது ஆளுவோரும் நிலையங்களை நடத்துவோரும் செய்ய வேண்டிய கடமை. ஆனால் அவர்களிடம் நீதி கேட்கும் நாம், நம் வீட்டில் வீணாக்கிக்கொண்டே கேட்கலாகுமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், வேண்டாத விளக்கை அணைப்பதையும் படைப்பைப் பேணும் அன்புச் செயல்களுள் ஒன்றாக எண்ணியிருப்பது நினைவில் இருத்தத்தக்கது.

இனி, பல்பு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை. எத்தனை வாட் என்று கேளாமல், எத்தனை லூமென் என்று அட்டையில் பாருங்கள். வெளிச்சத்தின் அளவு அதுவே. 60 வாட் குண்டு பல்புக்கு ஈடு 700 முதல் 800 லூமென். நட்சத்திரக் குறியும் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். குறியேதும் இன்றி மலிவாக விற்கும் பல்பு விரைவில் கெட்டுவிட்டால் மிச்சமெல்லாம் கரைந்துபோகும். படிக்குமிடத்துக்கும் சமையலுக்கும் வெள்ளொளியும், படுக்கையறைக்கு மஞ்சள் சாயலும் ஏற்றவை. எல்.இ.டி. பல்பின் அடிப்பாகம் சூடேறும். காற்றுப் புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்தால் அதன் ஆயுள் குறையும்.

லாரிகள் இடையறாது ஓடும் நம் பகுதியில் விளக்கின்மேல் புழுதி அடர்ந்து படியும். மாதம் ஒருமுறை சுவிட்சை நிறுத்தி, உலர்ந்த துணியால் துடையுங்கள். துடைத்த விளக்கே வெளிச்சம் கூட்டும். பழைய சி.எப்.எல். பல்பு உடைந்தால் அதனுள் சிறிதளவு பாதரசம் உண்டு. சன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை விலக்கி, துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளிக் கட்டி, தனியே கொடுத்துவிடுங்கள். இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு: குறைவாகச் செலவாகிறதே என்று எல்.இ.டி. பல்பை ஆளில்லா அறையில் எரியவிடாதீர்கள்.

“அப்படியானால் ஆண்டவர் படத்து விளக்கை அணைத்துவிடச் சொல்கிறீர்களா?” என்று சிலர் மனம் வருந்தலாம். கோவிலில் நற்கருணைப் பேழையின் முன் விளக்கு இடையறாது எரிய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வீட்டுப் படத்துக்கு அத்தகைய கட்டளை ஏதும் இல்லை. செபவேளையில் மட்டும் ஏற்றலாம். எப்போதும் எரிய வேண்டும் என்று உள்ளம் விரும்பினால், அரை வாட் விளக்கு அறுபது நாளுக்கு முக்கால் யூனிட்கூடக் கேட்காது. மணமகனுக்காகக் காத்திருந்த முன்மதியுள்ள கன்னியரும் எண்ணெயைக் கணக்கறிந்தே எடுத்துச் சென்றனர் அன்றோ!

மறுவாரம் அவ்வீட்டுக்குச் சென்றபோது படத்தின் அடியில் புதிய சிவப்பு விளக்கு ஒளிர்ந்தது. சமையலறையிலும் கூடத்திலும் எல்.இ.டி. ஏறியிருந்தது. செபமாலையின் முடிவில் மூதாட்டி, முகத்துவாரத்து மக்களுக்காக ஓர் அருள்நிறை மரியே கூடுதலாகச் சொன்னார். பின்னர் எழுந்து, எல்லாரும் கூடத்தில் இருக்க வீணே எரிந்துகொண்டிருந்த சமையலறை விளக்கைத் தாமே சென்று அணைத்துவிட்டு வந்து அமர்ந்தார்.